பாப் மேடையின் இசை இயக்குநர்: வாசகர் கேள்வியும் பதிலும்

பாப் பாடகர்களுக்கு இசை இயக்குநராகவும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளராகவும் பணிபுரிவோரின் தொழில்வாழ்க்கை பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: பாடல் ஏற்கெனவே பதிவாகிக் கோடிக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள். மேடையில் வாசிப்பவர்களும் தேர்ந்த கலைஞர்கள். அப்படியிருக்க, ஒரு பாப் நட்சத்திரத்தின் கச்சேரிக்குத் தனியாக ஓர் இசை இயக்குநர் எதற்கு? (கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவர்)

பதிவான பாடல் அப்படியே மேடை ஏறாது என்பதுதான் காரணம். ஸ்டுடியோவில் உருவான ஒரு பாப் பாடலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலித்தடங்கள் இருக்கக்கூடும். பாடகியின் ஒரே குரல் பலமுறை அடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கலைஞரும் கையால் வாசிக்காத, கணினியில் பிறந்த ஒலிகள் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேடையில் நிற்பவர்களோ ஐந்தாறு பேர். எந்த ஒலியை யார் வாசிப்பது, எதை முன்பதிவாக ஒலிக்கவிடுவது, எதைத் துணிந்து விட்டுவிடுவது என்று முடிவெடுப்பவர் இசை இயக்குநர். மெட்டு அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. அந்த மெட்டு இன்றிரவு எப்படி உயிர் பெற வேண்டும் என்பதுதான் அவர் பொறுப்பு.

பாடல்களின் வரிசையை நட்சத்திரத்தோடும் மேடை இயக்குநரோடும் உட்கார்ந்து வகுப்பதிலிருந்து இந்த வேலை தொடங்குகிறது. உடை மாற்ற எத்தனை வினாடி தேவை, நடனக் குழு மேடையின் அந்தப் பக்கம் போய்ச்சேர எத்தனை அளவு (பார் எனப்படும் தாளச் சுற்று) வேண்டும், ஒரு பாடலின் கடைசிச் சுரத்திலிருந்து அடுத்ததன் முதல் சுரத்துக்கு எப்படி நகர்வது என்பனவெல்லாம் இசையால் தீர்க்க வேண்டிய கணக்குகள். வாத்தியக் குழு மட்டும் முதலில் ஒத்திகை பார்க்கும். பிறகு பாடகர் சேர்வார். கடைசியாக விளக்கு, திரைக்காட்சி, நடனம் எல்லாம் சேர்ந்த முழு மேடை ஒத்திகை நடக்கும். விளக்குகளும் திரைக்காட்சிகளும் பெரும்பாலும் இசையோடு ஓடும் டைம்கோட் என்னும் நேரக்குறியைப் பின்பற்றி இயங்குவதால், இந்தக் கட்டத்தில் ஒரு பாடலில் நான்கு அளவைக் கூட்டினாலும் பத்துத் துறைகள் தங்கள் வேலையைத் திருத்தியாக வேண்டும். ஆகவே மாற்றங்களை எப்போது அனுமதிப்பது, எப்போது மறுப்பது என்பதும் அவர் தலையில்தான் விழுகிறது.

கச்சேரி நடக்கும்போது அவர் கையில் ஒரு டாக்பேக் மைக் இருக்கும். அதில் அவர் பேசுவது கலைஞர்களின் காதுக்குள் இருக்கும் இன்-இயர் மானிட்டரில் மட்டும் கேட்கும், அரங்கத்துக்குக் கேட்காது. பாடகர் ஒரு வரியை மறந்து நேராகக் கோரஸுக்கு (பல்லவிக்கு) தாவிவிட்டால், “கோரஸ், இப்போதே” என்று ஒரு சொல்லில் மொத்தக் குழுவையும் அவரோடு இழுத்துச் செல்ல வேண்டும். பெரும்பாலான இசை இயக்குநர்கள் கீபோர்டோ பாஸ் கிட்டாரோ வாசித்துக்கொண்டே இதையும் செய்கிறார்கள்.

ஆயினும் இந்தத் தொழிலின் ஆழத்தைக் காட்டுவது கருவிகளைவிட ஒரு பாடகரின் மூச்சைப் பற்றிய முடிவுதான். 1991 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் டாம்பா நகரில் நடந்த சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்துக்கு முன் பாப் பாடகி விட்னி ஹூஸ்டன் அந்நாட்டு தேசிய கீதத்தைப் பாடினார். வழக்கமாக மூன்று எண்ணிக்கையில் நடக்கும் அந்தப் பாடல், அவருக்காக நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி அமைக்கப்பட்டது. இசை இயக்குநர் ரிக்கி மைனர். இசைக்கோவையை அமைத்தவர் ஜான் கிளேட்டன். ஒவ்வோர் அளவிலும் கூடுதலாகக் கிடைத்த அந்த ஓர் எண்ணிக்கை, சொற்றொடருக்கும் சொற்றொடருக்கும் நடுவே மூச்செடுக்கவும் சுரத்தை விரித்துப் பாடவும் அவருக்கு இடம் கொடுத்தது. கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாளம் மாறியதைக் கவனித்திருக்க மாட்டார்கள். குரலை மட்டுமே கேட்டார்கள். ஓர் இசை இயக்குநர் செய்யக்கூடிய மிக உயர்ந்த வேலை இதுவென்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: தயாரிப்பாளரும் இசை இயக்குநரும் ஒருவரே ஆக முடியுமா? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி என்ன? (வீட்டில் பாடல்கள் பதிவு செய்யும் வாசகி)

முடியும். ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் என்பவர் பணம் முதலிடுபவர் அல்லர். பாடலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கலைஞர்களை அழைப்பது, பாடகரிடமிருந்து சிறந்த குரலை வாங்குவது, மிக்ஸிங் எனும் ஒலிக்கலவை முடிந்த பதிவை ஒப்படைப்பது வரை அதன் ஒலிக்கு முழுப்பொறுப்பு ஏற்பவர். இரண்டு வேலைக்கும் தேவைப்படும் காது ஒன்றுதான். ஸ்டுடியோவில் தவறைத் திருத்த அவகாசம் உண்டு, மேடையில் கிடையாது.

மேடையிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போனவர்களில் பேட்ரிக் லெனர்டைச் சொல்லலாம். 1984இல் ஜாக்சன் சகோதரர்களின் சுற்றுப்பயணத்தில் பணியாற்றிய அவர், 1985இல் மடோனாவின் முதல் சுற்றுப்பயணத்துக்கு இசை இயக்குநரானார். அங்கே ஏற்பட்ட புரிதலில் இருவரும் சேர்ந்து பாடல் எழுதத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மடோனாவின் முக்கியமான இசைத்தொகுப்புகளின் இணைத் தயாரிப்பாளராக அவர் உயர்ந்தார். அதே பாடகியிடம் பின்னாளில் வந்த ஸ்டூவர்ட் பிரைஸும் அப்படித்தான். 2001 சுற்றுப்பயணத்தின் இசை இயக்குநராக அறிமுகமாகி, 2005இல் வெளியான நடன இசைத்தொகுப்பின் தயாரிப்பாளராக வளர்ந்தார். மாதக்கணக்கில் ஒரு பாடகரோடு பயணம் செய்பவர், அவர் குரல் எந்த நேரத்தில் களைக்கும், எந்தச் சுரத்தில் ஒளிரும், எந்த வகைப் பாராட்டுக்கு அவர் மலர்வார் என்பதை ஸ்டுடியோ ஆட்கள் எவரையும்விட நன்றாக அறிந்துவிடுகிறார். அந்த அறிவுதான் அவரை அடுத்த பதிவுக்கு அழைத்துச் செல்கிறது.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு. மைக்கேல் ஜாக்சனின் பதிவுகளில் கீபோர்டு வாசித்த கிரெக் ஃபில்லிங்கேன்ஸ், 1987இல் தொடங்கிய ஜாக்சனின் தனி உலகச் சுற்றுப்பயணத்துக்கு இசை இயக்குநரானார். பதிவில் அந்த ஒலியை வாசித்தவருக்கே அதை மேடையில் எப்படிக் கட்டுவது என்று தெரியும் என்பது இயல்பான காரணம்.

இந்த இரு பாதைகளையும் தம் ஒரே வாழ்க்கைக்குள் கொண்டவர் க்வின்சி ஜோன்ஸ். 1933இல் சிகாகோவில் பிறந்து 2024 நவம்பரில் மறைந்த அவரை, மைக்கேல் ஜாக்சனின் தயாரிப்பாளர் என்று மட்டும் அறிந்தவர்கள் அவரது உழைப்பின் பாதியைத்தான் அறிவார்கள். ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தார். மற்றவர்களுக்கு இசைக்கோவை எழுதினார். 1957இல் பாரிஸ் சென்று புகழ்பெற்ற இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் இசையமைப்புப் பயின்றார். மெர்குரி இசைப்பதிவு நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்தார். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவோடு பாடியபோது இசைக்கோவை அமைத்து நடத்தினார். ஜாக்சனோடு முதல் இசைத்தொகுப்பை 1979இல் அவர் வெளியிட்டபோது, அவருக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் நின்றது. 1982இல் வந்த ‘திரில்லர்’ தொகுப்பின் இறுதிப் பதிவை ஜோன்ஸும் ஜாக்சனும் முதன்முதலாகக் கேட்டபோது, ஒலி எதிர்பார்த்தபடி இல்லை என்று உணர்ந்து, வெளியீட்டு நெருக்கடிக்கு இடையிலும் ஒவ்வொரு பாடலையும் மீண்டும் மிக்ஸிங் செய்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் பள்ளங்கள் நெருங்கி ஒலியின் கனம் குறையும் என்பதால், பாடல்களைச் சுருக்கவும் வேண்டியிருந்தது. நல்ல இசைப்பகுதியை நட்சத்திரமே விரும்பினாலும், மொத்தப் பதிவின் நலனுக்காக வெட்டச் சொல்லும் தைரியமும், அதை அவர் ஏற்கும்படி சொல்லும் நயமும் தயாரிப்பாளருக்கு வேண்டும்.

கேள்வி: இதற்கு இசைப் பட்டம் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் கேட்டதை உடனே எழுதும் பயிற்சி, எந்தச் சுருதிக்கும் மனத்திலேயே மாற்றும் திறன், ஏபிள்டன் போன்ற இசை மென்பொருளில் தடங்களைப் பிரித்து அடுக்கும் வேகம் ஆகிய மூன்றும் இல்லாமல் முதல் ஒத்திகையைக்கூடத் தாண்ட முடியாது. கல்லூரியில் கிடைத்தாலும் சரி, பத்தாண்டு குழுவில் வாசித்துக் கிடைத்தாலும் சரி. இவற்றோடு காதைக் காப்பதையும் முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்காலத்தில் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார்.

கேள்வி: மேடையில் முன்பதிவுத் தடங்களை ஓடவிடுவது ரசிகர்களை ஏமாற்றுவதல்லவா? (நேரடி இசையை மட்டுமே விரும்பும் வாசகர்)

தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாத் தடங்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம். கணினியில் உருவான தாள ஒலியோ, நாற்பது பேர் கொண்ட வயலின் குழுவின் பதிவோ பின்னணியில் ஓடுவதால் எவரும் ஏமாறுவதில்லை. அதை மேடையில் உருவாக்க ஆட்கள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இப்படி ஓடும் தடங்களுக்காகவே இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஒன்று நின்றால் மற்றொன்று இடைவெளியின்றித் தொடரும்.

முதன்மைக் குரல் வேறு வகை. பணம் கொடுத்து வந்தவர்கள் கேட்க வந்தது அந்தக் குரலைத்தான். அதை முழுக்கப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வாயசைக்கும் ஏற்பாட்டுக்கு இசை இயக்குநர் உடன்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விதிவிலக்கான சூழல்கள் உண்டு. மேலே சொன்ன 1991 தேசிய கீதமும் முன்பதிவாகவே ஒலித்தது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் பயணிக்கிறது. பெரிய திறந்த மைதானத்தில் பாடகியின் குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து அரை வினாடிக்கும் மேல் தாமதித்து அவர் காதுக்கே திரும்பி வந்து தாளத்தைக் குலைக்கும். ஆனால் அந்தக் குரல் அவருடையது. அவரே பாடிப் பதிந்தது. 1990இல் மில்லி வனில்லி என்ற இருவர் குழுவிடமிருந்து கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. காரணம், தொகுப்பில் ஒலித்த குரல்கள் அவர்களுடையவையே அல்ல. விருதை இழந்து அவமானத்தைச் சுமந்தவர்கள் மேடையில் தோன்றிய இரண்டு இளைஞர்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் தயாரிப்பாளர். ஆகவே இந்தத் தொழிலில் நேர்மை என்பது திரைக்குப் பின்னால் இருப்பவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடங்களால் வேறொரு இழப்பும் நேர்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தடம் ஓடினால் அதோடு இணைந்து தாள வேகத்தைக் குறிக்கும் கிளிக் ஒலியும் கலைஞர்களின் காதில் ஓட வேண்டும். பாடகர் விரும்பினாலும் வேகத்தைத் தளர்த்தவோ ஒரு வரியை நீட்டவோ முடியாது. நல்ல இசை இயக்குநர்கள் கச்சேரியில் சில பாடல்களையேனும் கிளிக் இல்லாமல், தடம் இல்லாமல் விட்டுவைப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் தான் விரும்பிய இடத்தில் நிற்கவும் நீளவும் பாடகருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

கேள்வி: நட்சத்திரத்தின் குரல் பழைய உயரத்தை எட்டவில்லை என்றால் அதை யார் அவரிடம் சொல்வது? சொன்னால் வேலை போய்விடாதா?

சொல்ல வேண்டியவர் இசை இயக்குநர்தான். கூட்டத்தின் முன்னால் சொல்லக் கூடாது. ஒத்திகை முடிந்த பிறகு, இருவர் மட்டும் இருக்கும்போது, மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். 1987இல் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எல்டன் ஜானின் குரல் அதன் பின் தாழ்ந்து கனத்தது. பழைய பாடல்கள் பலவற்றை அவர் தாழ்ந்த சுருதியில் பாடினார். அவரது கிட்டார் கலைஞரும் இசை இயக்குநருமான டேவி ஜான்ஸ்டன், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1970களின் தொடக்கத்திலிருந்து 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முடிந்த பிரியாவிடைச் சுற்றுப்பயணம் வரை உடனிருந்தார். ஒரு குரல் முதுமையடைவதை உடனிருந்து கேட்டு, அதற்கேற்ப இசையைத் தகவமைத்துக் கொடுப்பவருக்கு வேலை போவதில்லை. பாடகர் அவரைத்தான் தேடுவார்.

சுருதியை அரைச்சுரம் தாழ்த்துவது பாடகருக்கு எளிது. மற்றவர்களுக்கு எளிதன்று. கீபோர்டில் ஒரு பொத்தான் போதும். கிட்டார் கலைஞர் தந்திகளைத் தாழ்த்திக் கட்டிய வேறு கிட்டாரை எடுக்க வேண்டும். காற்று வாத்தியக்காரர்களுக்கு விரலமைப்பே மாறும். முன்பதிவுத் தடங்களைப் புதிதாக உருவாக்க வேண்டும். தொடர்ந்து பல இரவுகள் பாடும் சுற்றுப்பயணத்தில் கடினமான பாடல்களை இரண்டு சுருதிகளில் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருப்பது நல்ல வழக்கம். அப்படிச் செய்திருந்தால், தொண்டை கரகரத்த ஒரு மாலையில் பாடகர் எவரிடமும் மன்றாட வேண்டியதில்லை.

கேள்வி: என் மகள் இந்தத் துறைக்குப் போக விரும்புகிறாள். பெண்களுக்கு இதில் இடம் உண்டா? (ஒரு தாய்)

இடம் உண்டு, ஆனால் தடையும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராமி அமைப்பு 1970களின் நடுப்பகுதியிலிருந்து செவ்வியல் அல்லாத இசைக்கு வழங்கிவரும் ‘ஆண்டின் தயாரிப்பாளர்’ விருதை 2025 வரை ஒரு பெண்ணும் பெறவில்லை. பிங்க், கிறிஸ்டினா அகிலெரா போன்றோருக்குப் பெரும் வெற்றிகளைத் தந்த லிண்டா பெர்ரிகூட அதன் பரிந்துரைப் பட்டியல் வரைதான் வந்தார். ராப் இசையை முதன்முதலாக வெகுமக்களிடம் கொண்டு சென்ற 1979ஆம் ஆண்டுப் பாடலைத் தயாரித்தவர் சில்வியா ராபின்சன் என்ற பெண் என்பதை நினைத்தால் இந்தப் புறக்கணிப்பு இன்னும் உறுத்துகிறது. மேடைப் பக்கம் நிலைமை சற்று நன்று. பியான்சே 2006இல் முழுக்கப் பெண்களைக் கொண்ட வாத்தியக் குழுவை அமைத்தார்; அந்த மேடை பல பெண் கலைஞர்களை உலகறியச் செய்தது. தங்கள் மகள் வாத்தியத்தோடு கணினித் தடங்களை அமைக்கும் வேலையையும் கற்கட்டும். இசை இயக்குநருக்கு உதவியாளராகத் தடங்களைத் தயாரிக்கும் பணியில்தான் புதியவர்களுக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் திறக்கிறது. அங்கே வேலையின் துல்லியத்தை எவராலும் மறுக்க முடியாது.

கேள்வி: வருமானம் எப்படி வருகிறது? பாடல் வெற்றியடைந்தால் இவர்களுக்கும் பங்கு உண்டா? (ஒலிப்பொறியியல் மாணவர்)

இரு வேலைகளும் பணத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. இசை இயக்குநருக்கு ஒத்திகை வாரங்களுக்கும் பயண வாரங்களுக்கும் தனித்தனியே ஊதியம் பேசப்படும். தடங்களை அமைப்பதற்குத் தனித் தொகை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சுற்றுப்பயணம் முடிந்தால் வருமானமும் முடியும். மேடைக்காக அவர் அமைத்த வடிவம் பின்னர் நேரடிப் பதிவாக வெளிவந்தால் அதில் பங்கு உண்டா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பயணம் தொடங்கிய பின் அதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

தயாரிப்பாளருக்கு முன்பணமும், விற்பனையிலும் இணைய ஸ்ட்ரீமிங்கிலும் பாயிண்ட் எனப்படும் சதவீதப் பங்கும் உண்டு. அமெரிக்க வழக்கில் இது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரை பேசப்படுகிறது. முன்பணம் அந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படும். இந்த உரிமை எளிதில் வந்ததன்று. பீட்டில்ஸின் தொடக்கப் பாடல்கள் உலகை ஆண்டுகொண்டிருந்தபோது ஜார்ஜ் மார்ட்டின் இஎம்ஐ இசைப்பதிவு நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரராகவே இருந்தார். விற்பனையில் பங்கு கிடையாது. 1965இல் சக தயாரிப்பாளர்களோடு வெளியேறி அவர் தொடங்கிய ஏஐஆர் என்ற ஒலிப்பதிவுத் தயாரிப்பு நிறுவனம், தயாரிப்பாளர்கள் தம் உழைப்புக்கு விலை பேச முடியும் என்பதைக் காட்டியது.

இன்றைய அமெரிக்கச் சட்டப்படி, இணைய வானொலி போன்ற சேவைகளிலிருந்து சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு திரட்டும் தொகையில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் துணைக் கலைஞர்களுக்கும் போகிறது. தயாரிப்பாளருக்கு நேரடிப் பங்கு கிடையாது. முதன்மைக் கலைஞர் தம் பங்கிலிருந்து இத்தனை சதவீதம் தருமாறு கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் அந்த அமைப்பு பொதுவாகத் தயாரிப்பாளருக்கு அனுப்பும். 2018இல் வந்த இசை நவீனமயமாக்கச் சட்டம் இந்தக் கடித நடைமுறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கடிதம் இல்லையென்றால் பெரும்பாலும் பணமும் இல்லை.

நீங்கள் மெட்டுக்கோ வரிகளுக்கோ பங்களித்திருந்தால் அது தயாரிப்பாளர் பங்கிலிருந்து முற்றிலும் வேறான பாடலாசிரியர் உரிமை. யார் எத்தனை சதவீதம் என்பதை, பாடல் உருவான அன்றே, எல்லோரும் அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும்; ஆனால் பாடல் வெற்றியடைந்த பிறகு அதே கேள்வியை வழக்கறிஞர் வழியாகக் கேட்பதைவிட, நட்பு இருக்கும்போதே கேட்பது எல்லோருக்கும் நல்லது.